தசையில் படியும் கொழுப்பும் எழுத்தின் மேல் புள்ளியும்

தாயகம் விட்டு வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களுள் சிலர் ஷில்லாங்கிலும் குவாஹாத்தியிலும் திமாபூரிலும் பணி புரிகின்றனர். வேறு சிலர் கோவாவிலும் குடகிலும் குடியேறியுள்ளனர். அவ்வூர்ச் சந்தைகளில் பன்றியிறைச்சிக் கடைகள் நிரம்ப உண்டு. மேகாலயத்தில் அரிசியோடு இறைச்சி சேர்த்துச் சமைக்கும் ஜாதோவும், நாகர்கள் மூங்கிற் குருத்தோடு ஆக்கும் குழம்பும், குடகின் பந்திக் கறியும், கோவாவின் விந்தாலுவும் அம்மக்கள் விருந்தினர்க்கு மனமுவந்து படைக்கும் உணவுகள். நம் இல்லங்கள் பலவற்றில் இவ்வுணவு புகுவதில்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும் அறிவு எத்திசையிலிருந்து வரினும் ஏற்கத்தக்கதே. பன்றியின் தசையில் கொழுப்பு எவ்வாறு படிகின்றது என்னும் ஆராய்ச்சி, உண்பார்க்கும் உண்ணார்க்கும் ஒப்பப் பயன்படும் ஓர் உண்மையைக் காட்டுகின்றது. அதனை இங்கே சிறிது விரித்துக் காண்போம்.

கடையில் அறுத்து வைத்துள்ள இரண்டு துண்டுகளை ஒப்பு நோக்குவோம். ஒன்றில் தோலுக்கடியில் கொழுப்பு வெண்பட்டையாகத் தனித்து நிற்கும். அதன் கீழுள்ள சிவந்த தசையில் வெண்மை சிறிதும் காணப்படாது. மற்றொன்றிலோ சிவந்த தசையினுள்ளேயே மெல்லிய வெண்கோடுகள், பளிங்குக் கல்லில் ஓடும் வரிகளைப் போலப் பரவியிருக்கும். முதலிற் கூறியது தோலடிக் கொழுப்பு. பின்னதைத் தசையிடைக் கொழுப்பு என்று அழைக்கலாம். இரண்டும் கொழுப்பே எனினும், அவை தோன்றும் காலமும் இடமும் வேறு. விலங்கு வளருங்கால் உள்ளுறுப்புகளைச் சுற்றியும் தோலுக்கடியிலும் கொழுப்பு முன்னரே சேர்ந்துவிடுகின்றது. தசையின் நார்களுக்கிடையே அது சேர்வது பெரும்பாலும் கடைசியில்தான்.

சமைப்போர் இவ்வெண்கோடுகளைப் பெரிதும் விரும்புவர். அவை உள்ள இறைச்சி வேகும்போது வறண்டு போவதில்லை. மென்மையும் சாறும் மணமும் உடையதாக இருக்கும். தசையின் எடையில் 2 முதல் 3 விழுக்காடு அளவிற்கேனும் இக்கொழுப்பு இருந்தால்தான் சுவை நன்றாக அமையும் என்பது இறைச்சி நூல் வல்லார் பலர் கொண்ட கருத்து. இக்காலப் பண்ணைகளில் வளரும் மெலிந்த இனங்களிலோ இவ்வளவு 2 விழுக்காட்டிற்கும் கீழே நிற்பது வழக்கமாகிவிட்டது.

அவ்வாறு ஆனது ஏன்? முற்காலத்தில் மேனாட்டார் இறைச்சிக்காக மட்டுமன்றிக் கொழுப்பிற்காகவும் பன்றிகளை வளர்த்தனர். அக்கொழுப்பை உருக்கி எடுத்துச் சமையலுக்கும் சவர்க்காரத்திற்கும் பயன்படுத்தினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் தாவர எண்ணெய்கள் மலிவாகக் கிடைக்கவே, பன்றிக் கொழுப்பின் மதிப்புக் குறைந்தது. உண்போரும் கொழுப்புக் குறைந்த இறைச்சியையே நாடினர். வளர்ப்போர் முதுகுக் கொழுப்பின் கனத்தை அளந்து, அது மெல்லியதாக உள்ள விலங்குகளையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இனம் பெருக்கினர். 1896ஆம் ஆண்டிலேயே இனப் பதிவேடு தொடங்கி, பிரிட்டிஷ் மக்களின் காலையுணவுக்கென உப்பிட்ட இறைச்சி தந்த டென்மார்க் நாட்டு லேண்ட்ரேஸ் இனம் இம்முயற்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கருதிய பயன் கைகூடியது; முதுகுக் கொழுப்பு மெலிந்தது. ஆனால் அதனோடு சேர்ந்து தசையிடைக் கொழுப்பும் மெலிந்தது. களையைப் பிடுங்கச் சென்றவர் பயிரையும் சேர்த்துப் பிடுங்கிய கதையாயிற்று.

இதற்கு நேர்மாறான இனம் ஒன்று சீன நாட்டில் உண்டு. அந்நாட்டின் கிழக்கே செஜியாங் மாநிலத்தில் ஜின்ஹுவா என்னும் ஊர் இருக்கின்றது. அவ்வூர்ப் பன்றிக்குத் தலையும் பின்புறமும் கறுப்பு, நடுவுடல் வெள்ளை. உடல் சிறியது, வளர்ச்சி மெதுவானது. தோலடிக் கொழுப்பும் மிகுதி. தசையிடைக் கொழுப்பும் மிகுதி. அதன் பின்தொடையை உப்பிட்டு உலர்த்திப் பதப்படுத்தும் முறை அங்கே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. ஜின்ஹுவாத் தொடையிறைச்சியின் பெயர் அந்நாடெங்கும் பரவியது.

இவ்விரண்டு இனங்களுக்கும் ஒரே தீனி கொடுத்து வளர்த்தாலும் தசையில் படியும் கொழுப்பு ஒரே அளவாக இராது. தசையிடைக் கொழுப்பில் விலங்குக்கு விலங்கு காணப்படும் வேற்றுமையில் ஏறத்தாழப் பாதி பரம்பரையால் வருவது என்று இன விருத்தி நூலார் கணித்துள்ளனர். எனவே விடை மரபணுவில் இருத்தல் வேண்டும் என்று முதலில் தேடினர். சில மரபணுக்கள் அகப்பட்டன. எனினும் எழுத்து ஒன்றாகவே இருக்கும் இடங்களிலும் விளைவு வேறாக இருப்பதைக் கண்டனர். எழுத்து ஒன்று, பொருள் வேறு என்றால், அவ்வெழுத்து கையாளப்படும் முறையில் ஏதோ ஒன்று மறைந்திருத்தல் வேண்டுமன்றோ?

இதனை விளங்கிக்கொள்ள, உயிரணுவின் உள்ளே நடைபெறும் அலுவலை ஒருவாறு அறிதல் வேண்டும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் மூலப் பத்திரத்தை எவருக்கும் கொடுத்துவிடுவதில்லை; வேண்டுவோர்க்கு அதன் நகலையே எழுதித் தருகின்றனர். உயிரணுவின் வழக்கமும் அதுவே. டி.என்.ஏ. என்னும் மூலப் பத்திரம் உட்கருவில் பாதுகாவலாக இருக்கின்றது. அதன் ஒரு பகுதியைப் பார்த்து எழுதிய நகலே செய்தி ஆர்.என்.ஏ. எனப்படுவது. அந்நகல் உட்கருவினின்று வெளியே வந்து, அதிற் கண்டவாறு புரதம் கட்டப்படுகின்றது. பணி முடிந்தபின் நகல் அழிக்கப்படுகின்றது. ஒரு நகல் எத்தனை நாழிகை நிலைக்கின்றது, எத்தனை முறை படிக்கப்படுகின்றது என்பவற்றைப் பொறுத்தே அதிலிருந்து கிடைக்கும் புரதத்தின் அளவு அமைகின்றது. மூலப் பத்திரம் மாறாமலே, நகலின் ஆயுள் கூடினும் குறையினும் உடலின் போக்கு மாறிவிடும் என்பது இதனால் பெறப்படும்.

ஆர்.என்.ஏ. நான்கு எழுத்துகளால் ஆயது. அவற்றுள் ஒன்று அடினீன். இவ்வெழுத்தின் ஆறாம் இடத்து நைட்ரஜன் அணுவோடு, ஒரு கரியணுவும் மூன்று நீரக அணுக்களும் சேர்ந்த மெத்தில் என்னும் சிறு தொகுதி சில இடங்களில் ஒட்டிக்கொள்கின்றது. இதனை ஆராய்ச்சியாளர் எம்-6-ஏ என்று குறிப்பர். தமிழ் எழுத்தின் தலைமேல் வைக்கும் புள்ளியைப் போன்றது இது என்று நாம் கொள்ளலாம். "பல" என்பதன் இறுதியெழுத்தின் மேல் ஒரு புள்ளி இட்டால் "பல்" ஆகின்றது. எழுத்தின் உரு மாறவில்லை. மேலே ஒரு சிறு குறி ஏறியது, அவ்வளவே.

ஆயினும் ஒரு வேற்றுமையை மறத்தலாகாது. தமிழ்ப் புள்ளி ஒலியையும் பொருளையும் மாற்றுகின்றது. ஆர்.என்.ஏ.யின் புள்ளியோ, கட்டப்படும் புரதம் இன்னதென்பதை மாற்றுவதில்லை. அந்நகலை விரைந்து படிப்பதா, ஒதுக்கி வைப்பதா, கிழித்தெறிவதா என்பதையே அது மாற்றுகின்றது. பாலூட்டிகளின் செய்தி ஆர்.என்.ஏ.யில் ஆயிரம் அடினீன் எழுத்துகளுக்கு 1 முதல் 4 வரையே இப்புள்ளி பெற்றவை. சராசரியாக ஒரு நகலுக்கு மூன்று முதல் ஐந்து வரை இருக்கலாம். அவையும் கண்டவாறு சிதறியிருப்பதில்லை. புரதத்திற்கான வாசகம் முடியும் இடத்தை அடுத்தே அவை பெரிதும் செறிந்திருக்கின்றன.

இப்புள்ளியை 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராட்மன் குழுவினர் கண்டறிந்தனர். கண்டறிந்தும் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அதன் பயன் விளங்காமலே கிடந்தது. அதற்குக் காரணம் உண்டு. ஆர்.என்.ஏ.யைப் படிக்க வேண்டுமாயின், அதனை முதலில் டி.என்.ஏ.யாகப் பெயர்த்தெழுதிக்கொள்வது ஆய்வுக்கூடங்களின் வழக்கம். பெயர்த்தெழுதும் நொதி, புள்ளி பெற்ற அடினீனையும் புள்ளி பெறாத அடினீனையும் ஒன்றாகவே எழுதிவிடும். புள்ளி நகலோடு நின்றுவிடும், பெயர்ப்பில் வாராது. நம் முன்னோர் ஏட்டில் எழுதுங்காலும் இத்தகைய நிலை இருந்ததன்றோ? எழுத்தாணியால் குத்திப் புள்ளி வைத்தால் ஓலை பழுதுபடும் என்று பல ஏடுகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியே இடாது விட்டனர். படிப்போர் இடம் நோக்கி, உய்த்துணர்ந்து படித்தனர்.

2011ஆம் ஆண்டில் நிலைமை மாறியது. எஃப்.டி.ஓ. என்னும் நொதி இப்புள்ளியை அழிக்க வல்லது என்று சிகாகோப் பல்கலைக்கழகத்தில் சுவான் ஹே என்பாரின் குழுவினர் நிறுவினர். புள்ளி இடவும்படும், அழிக்கவும்படும் என்றால், அது தற்செயலான கறையன்று. உடல் கருதிச் செய்யும் குறி என்பது வெளிப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே, புள்ளியை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தைக் கொண்டு புள்ளி பெற்ற துணுக்குகளைத் தனியே பிரித்துப் படிக்கும் முறையை இஸ்ரேலிலும் நியூயார்க்கிலும் இரு குழுவினர் வெளியிட்டனர். மனிதரின் மரபணுக்களுள் 7,000க்கு மேற்பட்டவற்றின் நகல்களில் இப்புள்ளிகள் உள்ளமை அப்போது தெரிய வந்தது.

ஆர்.என்.ஏ.யில் ஏறும் சிறு மாற்றங்களின் பெருமையை உலகம் அறிய மற்றொரு நிகழ்ச்சியும் உதவிற்று. வேறொரு வகை மாற்றத்தை ஆர்.என்.ஏ.யில் புகுத்தி, உடல் அதனைப் பகையென்று எதிர்க்காதவாறு செய்து, கொரோனாத் தடுப்பூசிக்கு வழி வகுத்த கட்டலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் ஆகிய இருவர்க்கும் 2023ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இப்போது புள்ளியைக் கையாள்வோர் யாவர் என்பதைக் காண்போம். மூவகைப் புரதங்கள் இப்பணியில் ஈடுபட்டுள்ளன. புள்ளி இடுவோர் ஒரு வகையினர். மெட்டில்-3, மெட்டில்-14 என்னும் இரண்டும் இணைந்து இதனைச் செய்கின்றன. புள்ளி அழிப்போர் மற்றொரு வகையினர், முற்கூறிய எஃப்.டி.ஓ. அவற்றுள் ஒன்று. மூன்றாம் வகையினர் புள்ளியைக் கண்டு செயலாற்றும் வாசகர்கள். இவர்களுள் ஒய்.டி.எச்.டி.எஃப்-2 என்பது புள்ளி பெற்ற நகலை அழிவுக்கு அனுப்புவது என்று 2014இலும், ஒய்.டி.எச்.டி.எஃப்-1 என்பது அத்தகைய நகலிலிருந்து மிகுதியாகப் புரதம் கட்டத் தூண்டுவது என்று 2015இலும் காட்டப்பட்டன. இவற்றை இனி முதலாம் வாசகர், இரண்டாம் வாசகர் என்றே வழங்குவோம். இவ்வாசகர்களின் பணி இவ்வாறு தெளிவாகப் பிரிந்துள்ளதா என்பதில் அறிஞரிடையே வாதம் நடைபெற்று வருவதையும் சொல்லிவைத்தல் முறை.

அலுவலகங்களில் பணி புரியும் நேயர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு கோப்பின் மேல் சிவப்பு மையால் ஒரு குறி இடப்பட்டிருக்கின்றது. ஒரு பிரிவில் அக்குறிக்கு "உடனே கவனிக்க" என்பது பொருள். மற்றொரு பிரிவில் "முடிந்தது, பழங்கோப்பு அறைக்கு அனுப்புக" என்பது பொருள். குறி ஒன்றே, கோப்பும் அது சேரும் கையும் வேறாதலின் விளைவும் வேறாகின்றது.

கொழுப்பணு எவ்வாறு தோன்றுகின்றது என்பதற்கு இனி வருவோம். தசைநார்களுக்கிடையே இன்னும் கொழுப்பணு ஆகாத இளம் அணுக்கள் உள்ளன. அவற்றைக் கொழுப்பு முன்னணுக்கள் என்னலாம். தக்க கட்டளை வந்ததும் அவை சில முறை பிளந்து பெருகி, பின்னர் உருமாறி, தம்முள் கொழுப்புத் துளிகளைச் சேர்த்துக்கொள்கின்றன. எத்தனை முன்னணுக்கள் உருமாறுகின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு சேமிக்கின்றது என்பவையே தசையில் ஓடும் வெண்கோடுகளின் அளவை முடிவு செய்கின்றன. இவ்வுருமாற்றத்தின் படிகள் பலவற்றில் புள்ளிக்குப் பங்கு உண்டு.

செஜியாங் மாநிலத் தலைநகரான ஹாங்சோவிலுள்ள பல்கலைக்கழகத்தில், ஜின்ஹுவாப் பன்றியின் தாயகத்திற்கு அண்மையிலேயே, இவ்வாராய்ச்சி முனைந்து நடைபெற்றது. 2019ஆம் ஆண்டில் அங்குள்ளோர் வெளியிட்ட ஆய்வில், லேண்ட்ரேஸ் பன்றியின் முதுகுத் தசையையும் ஜின்ஹுவாப் பன்றியின் முதுகுத் தசையையும் எடுத்து, இரண்டிலும் புள்ளிகள் எங்கெங்கு உள்ளன என்று ஒப்பு நோக்கினர். ஜின்ஹுவாவில் மட்டும் புள்ளி பெற்றிருந்த மரபணுக்கள் பெரும்பாலும் கொழுப்பை ஆக்குவதும் கையாள்வதுமான பணிகளைச் சார்ந்தவையாக இருந்தன. அவற்றுள் எம்.டி.சி.எச்-2 என்பது ஒன்று. அது உயிரணுவின் ஆற்றற் கூடமாகிய இழைமணியின் புறத்தோலில் அமரும் ஒரு புரதத்திற்கு உரியது. அதன் நகலில் உள்ள புள்ளியை முதலாம் வாசகர் கண்டு, அப்புரதத்தை மிகுதியாகக் கட்டுவிக்கின்றது. அப்புரதம் மிகுந்தால் தசையிடை முன்னணுக்கள் கொழுப்பணுக்களாக உருமாறுதலும் மிகுகின்றது. அதனைக் குறைத்தால் குறைகின்றது. இங்கே புள்ளி கொழுப்பை வளர்க்கின்றது.

அதே பல்கலைக்கழகத்தினர் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதற்கு மாறான காட்சியைக் காட்டிற்று. முன்னணு உருமாற வேண்டுமாயின், தன்னகத்துள்ள பழைய உறுப்புகளைத் தானே செரித்து இடம் ஒழிக்க வேண்டும். புது வீடு கட்டுவோர் பழைய சுவரை இடிப்பதைப் போன்றது இது. இப்பணிக்கு ஏ.டி.ஜி-5, ஏ.டி.ஜி-7 என்னும் இரு மரபணுக்கள் இன்றியமையாதவை. எஃப்.டி.ஓ. நொதியைக் குறைத்தபோது, அழிப்பார் இன்மையால் இவ்விரண்டின் நகல்களிலும் புள்ளிகள் மிகுந்தன. அவற்றைக் கண்ட இரண்டாம் வாசகர் நகல்களை அழிவுக்கு அனுப்பியது. பழையதைச் செரிக்கும் பணி தடைப்பட்டது. கொழுப்பணு உருவாதலும் தடைப்பட்டது. கொழுப்புத் திசுவில் எஃப்.டி.ஓ. இல்லாதவாறு செய்த எலிகளின் உடலில் வெண்கொழுப்பின் அளவும் குறைந்திருந்தது. இங்கே புள்ளி கொழுப்பைத் தடுக்கின்றது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விளங்கும் உண்மை இதுவே: புள்ளி கொழுப்பிற்கு நண்பனும் அன்று, பகையும் அன்று. அது எந்த நகலின் மேல் ஏறியது, எந்த வாசகரின் கையிற் சேர்ந்தது என்பதே விளைவை முடிவு செய்கின்றது. "இப்புள்ளியைக் கூட்டினால் கொழுப்புக் கூடும்" என்றோ "குறைத்தால் குறையும்" என்றோ எவரேனும் ஒரே வாக்கியத்தில் சொல்வாராயின், அவர் ஆராய்ச்சியின் பாதியை மட்டுமே சொல்கின்றார் என்று நாம் கொள்ளவேண்டும்.

இவ்வெச்சரிக்கை வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. தசையில் கொழுப்புப் படிதல் பன்றிக்கு மட்டும் உரியதன்று. நம் தசையிலும் அது நிகழ்கின்றது. பன்றியிறைச்சியில் சுவை என்று போற்றப்படும் அதே படிவு, உழைப்பின்றி உடல் பருத்தோரின் தசையில் மிகும்போது, இன்சுலின் தன் பணியைச் செவ்வனே செய்யாமையோடு தொடர்புடையதாகக் காணப்படுகின்றது. நீரிழிவு பரவியுள்ள நம் நாட்டில் இச்செய்தியை அலட்சியம் செய்வதற்கில்லை. விலங்கிற் கற்றது மனிதர்க்கும் வழி காட்டக்கூடும்.

ஆனால் வழி காட்டுதல் வேறு, மருந்தாதல் வேறு. எஃப்.டி.ஓ.வின் வரலாறே இதற்குச் சான்று. 2007ஆம் ஆண்டில் ஏறத்தாழ 39,000 மக்களை ஆராய்ந்தபோது, அம்மரபணுவில் ஒரு குறித்த எழுத்து வேறுபாட்டைத் தாய் தந்தை இருவழியும் பெற்றோர், அதனைப் பெறாதாரைவிடச் சராசரியாக 3 கிலோகிராம் எடை மிகுந்திருந்தனர். உடனே அதற்குப் "பருமன் மரபணு" என்று பெயர் சூட்டிவிட்டனர். பின்னர் 2014, 2015ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ஆராய்ச்சிகளோ, அவ்வெழுத்து வேறுபாடு எஃப்.டி.ஓ.வை அன்றி, தொலைவிலுள்ள ஐ.ஆர்.எக்ஸ்-3 முதலிய வேறு மரபணுக்களையே பெரிதும் இயக்குகின்றது என்று காட்டின. எஃப்.டி.ஓ. நொதி கொழுப்பணுவில் புள்ளியை அழிக்கின்றது என்பதும் மெய். அவ்வெழுத்து வேறுபாடு மக்களைப் பருக்கச் செய்யும் வழி வேறு என்பதும் மெய். இரண்டையும் ஒன்றெனக் குழப்புதல் கூடாது.

தேயிலை நாட்டில் வாழும் நேயர்களுக்கு மற்றொன்றும் கூறுதல் தகும். பச்சைத் தேயிலையிலுள்ள ஒரு பொருள் எஃப்.டி.ஓ.வைக் குறைத்து, கொழுப்பணு உருவாதலைத் தடுக்கின்றது என்று 2018இல் ஓர் ஆய்வு கூறிற்று. ஆனால் அஃது ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த எலியின் அணுக்களில், அளந்து இட்ட பொருளைக் கொண்டு கண்டது. கோப்பையிலுள்ள தேநீர் அவ்வாறே செய்யும் என்பது அதனால் பெறப்படாது. புள்ளியின் பெயரைச் சொல்லி உடல் இளைக்கும் பொடி விற்போர் தோன்றினால், அவர்களிடம் பணத்தை இழவாதிருக்க இவ்வேற்றுமையை நினைவிற் கொள்க.

பயன் யாது என்று கேட்போர்க்கு விடை உண்டு. முதுகுக் கொழுப்பையும் தசையிடைக் கொழுப்பையும் ஒன்றாகவே கூட்டிக் குறைத்தது பழைய முறை. இரண்டையும் தனித்தனியே ஆளும் வழிகளை அறிந்தால், மெலிந்த உடலும் சுவையுள்ள தசையும் ஒருங்கே அமைந்த விலங்கை வளர்த்தல் கூடும் என்பது ஆராய்ச்சியாளரின் நம்பிக்கை. அதற்கு வேண்டுவது ஒன்று உண்டு. அதுவே இன்று கைநழுவிக்கொண்டிருக்கின்றது.

லேண்ட்ரேஸையும் ஜின்ஹுவாவையும் அருகருகே வைத்துப் பார்த்ததனால்தான் எம்.டி.சி.எச்-2இன் மேல் இருந்த புள்ளி கண்ணுக்குப் புலப்பட்டது. ஓர் இனமே இருந்திருப்பின், எது சிறப்பு, எது பொது என்று அறிய வழியே இராது. நம் நாட்டிலும் ஒப்பு நோக்கத்தக்க இனங்கள் பல உள்ளன. மேற்கு வங்கத்தின் குங்ரூ, மேகாலயத்தின் நியாங் மேகா, நாகாலாந்தின் தென்யி வோ, அசாமின் தூம், மிசோரமின் ஜோவாக், கோவாவின் அகோண்டா கோவன் ஆகியவை கர்னாலிலுள்ள விலங்கு மரபுவளத் தேசியப் பணியகத்தில் பதிவு பெற்றவை. குவாஹாத்தியை அடுத்த ராணி என்னும் ஊரில் 2002இல் நிறுவப்பட்ட தேசியப் பன்றி ஆராய்ச்சி மையம், ஹாம்ப்ஷயர் இனத்தையும் குங்ரூவையும் கலந்து, தன் ஊரின் பெயரையே சூட்டிய ராணி என்னும் கலப்பினத்தை உருவாக்கியுள்ளது.

ஆயினும் எண்ணிக்கை கவலை தருவதாக உள்ளது. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கின்படி இந்தியாவில் இருந்த பன்றிகள் ஏறத்தாழ 90 லட்சத்து 60 ஆயிரம். 2012ஆம் ஆண்டுக் கணக்கைவிட இது 12 விழுக்காடு குறைவு. அவற்றுள் 21 லட்சம் அசாமில் இருந்தன. மறு ஆண்டாகிய 2020இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் புகுந்தது. அந்நோய் கண்ட பன்றிகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. நோய் புகுந்த இடத்தில் எஞ்சியவற்றையும் கொன்று புதைக்க நேரிடுகின்றது. மலைநாட்டில் வீட்டுப் புழக்கடையில் இரண்டோ மூன்றோ வளர்த்து, அவற்றை விற்றுப் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம் கட்டும் குடும்பத்துக்கு அஃது எத்துணைப் பெரிய இழப்பு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. குடும்பத்தின் இழப்போடு, நாட்டினத்தின் ஒரு கிளையும் அழிந்துபோகின்றது. இழந்த இடத்தை நிரப்ப வருவது பெரும்பாலும் விரைந்து வளரும் மேனாட்டு இனமே.

உ. வே. சாமிநாதையர் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தபோது, ஒரே நூலின் ஏடுகள் பலவற்றை ஊர் ஊராகச் சென்று தேடினார். புள்ளி இல்லாத ஓர் ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு சரியான பாடத்தைக் காணவியலாது. பல ஏடுகளை ஒப்பு நோக்கினால்தான் ஐயம் தீரும். செல்லரித்த ஏடுதானே என்று எவரேனும் ஒன்றை ஆற்றில் விட்டிருப்பாராயின், அதில் மட்டும் இருந்த பாடம் அதனோடு போயிருக்கும்.

நாட்டு விலங்கினங்களும் அத்தகைய ஏடுகளே. ஷில்லாங்கின் சந்தையிலோ திமாபூரின் தெருவிலோ கறுத்துச் சிறுத்த ஒரு நாட்டுப் பன்றியைக் காணும்போது, மதிப்பற்ற விலங்கு என்று நாம் கருதிவிடலாகாது. அதன் தசையில் உள்ள நகல்களின் மேல் எங்கெங்கே புள்ளிகள் உள்ளன, அவற்றைப் படிக்கும் வாசகர் யாவர் என்பவை ஆராய்வார்க்காகக் காத்திருக்கின்றன. படிக்கும் முறை இப்போதுதான் நம் கைக்கு வந்துள்ளது. படிப்பதற்கு ஏடு எஞ்சியிருத்தல் வேண்டும்.